பழைய திரையையே கொடுத்துவிடுங்கள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் நூற்றுப் பதினோரு புகார்கள் வந்து விழுந்திருந்தன. இவோன் பெந்தான்கோர் குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல், நாற்காலியை இழுத்து உட்காரவும் தோன்றாமல், நின்றபடியே அத்தனையையும் வாசித்தாள்.

"கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம்."

"வீடு மாறின மறுநாள் மாதிரி இருக்கு. கரண்டி எங்கேன்னு தெரியல."

"இதைச் செஞ்சவங்களுக்கு வேற வேலையே கிடையாதா?"

"காரணமெல்லாம் கேக்காதீங்க. பழைய திரையையே கொடுத்துடுங்க."

கடைசியாகச் சொன்னதுதான் பாதிக்கு மேல். சிலர் அதை மட்டும் எழுதிக் கீழே பெயர்கூடப் போடாமல் அனுப்பியிருந்தார்கள். சால்த்தோவிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், இதை வடிவமைத்தவரைக் குதிரை வாலில் கட்டி ஊரைச் சுற்றவிட வேண்டும் என்று, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் அழகான நடையில் எழுதியிருந்தார்.

வடிவமைத்தவள் இவோன்தான். நாட்டின் அரசு அலுவலகங்கள், பள்ளிக்கூடங்கள், நூலகங்கள் எல்லாவற்றிலும் கணினியைத் திறந்ததும் முதலில் முகம் காட்டுவது 'ஓர்னேரோ'. மண்ணைக் குழைத்துக் கம்பத்தின் மேல் கூடு கட்டும் குருவியின் பெயரை வைத்து, அரசாங்கக் கணினி மையம் சொந்தமாகச் செய்துகொண்ட இயங்குதளம் அது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே முகத்தோடு இருந்த ஓர்னேரோவுக்கு ஐந்து வாரங்களுக்கு முன்னால் புது முகம் வந்தது. இந்த நாட்டில் மனிதர்களைவிட மாடுகள் மூன்று மடங்கு அதிகம். மாடுகளுக்குக் கணினி கொடுக்காதது இவோன் செய்த புண்ணியம்.

பழைய திரையின் அடியில் ஒரு பட்டை ஓடும். அதில் முப்பது சின்னச் சின்னப் படங்கள், பேருந்து நிலையத்துக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இவோன் அந்தப் பட்டையையே தூக்கி எறிந்துவிட்டாள். திரை வெறிச்சென்று, சுத்தமாக இருந்தது. விசைப்பலகையின் இடது ஓரத்து விசையை அழுத்திப் பிடித்தால் இரு பக்கமும் சிறகு விரிகிற மாதிரி எல்லாம் வெளியே வரும். பிடித்தபடியே வேண்டியதை மவுஸால் தொட வேண்டும். விசையை விட்டால் சிறகு மடங்கிவிடும். அவ்வளவுதான். சாவோ பாவ்லோ மாநாட்டில் அவள் அதைச் செய்து காட்டியபோது எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கைதட்டலை மட்டும் நம்பி அவள் நாட்டின் தலையில் அதைக் கட்டிவிடவில்லை. பன்னிரண்டு பேரை வரவழைத்துச் சோதித்தாள். புதுக் கம்பளம் விரித்து, மூலைக்கு மூலை கேமரா வைத்த சோதனை அறை. கம்பளத்துக்குப் பயந்து உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொண்டுபோகக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. பன்னிரண்டு பேரும் நாற்பது நிமிடம் உட்கார்ந்து, பழையதைவிட வேகமாக வேலையை முடித்து, சிரித்த முகத்தோடு எழுந்து போனார்கள். அந்தச் சிரித்த முகங்களின் படங்கள் இன்னும் அவள் மேசை இழுப்பறையில் இருந்தன. அவர்கள் எல்லாம் எங்கே போய் ஒழிந்தார்கள் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

"இன்னும் நாலு வந்துடுச்சு," என்றான் லீபெர். சிறகுகளுக்குப் பின்னால் இருக்கிற நிரல் முழுவதையும் எழுதியவன் அவன். இருபத்தாறு வயது, சீப்பு பார்க்காத தாடி. புகார்களைச் சத்தமாகப் படிப்பதில் அவனுக்கு ஒரு தனி ருசி. "ஒண்ணு துராஸ்னோ ஊரு அம்மா. முப்பத்தோராவது கடிதம். நம்பர் போட்டு அனுப்புறாங்க, பாரேன்."

"என்ன எழுதியிருக்காங்க?"

"'நேத்து எழுதினதேதான்'னு எழுதியிருக்காங்க."

இவோன் பேனா மூடியைக் கடித்தாள். அதன் முனை ஏற்கெனவே நசுங்கிப் போயிருந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னால் டாக்டர் அவள் தொண்டை வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்துவிட்டு, இந்த நாடே நாள் முழுவதும் வெந்நீர் ஊற்றி உறிஞ்சுகிற மாத்தே இலையை இனி தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் கைகளுக்கு வேலை இல்லை. பேனா, கிளிப், சட்டைப் பொத்தான் என்று எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். வயிறு என்னவோ அப்படியே எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்த ஐந்து வாரமாக இன்னும் அதிகம்.

பதினொரு மணிக்கு வில்மார் பெர்தோமோ வந்தார். மையத்தின் இயக்குநர், பணி ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அந்த ஒன்றரை வருடத்தையும் யாருடைய வாயிலும் விழாமல் கடந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவர் பிரார்த்தனை. இடது அக்குளில் வெந்நீர் ஃப்ளாஸ்க், இடது கையில் மாத்தே நிரம்பிய சுரைக்குடுக்கை, வாயில் அதன் உறிஞ்சுகுழல். வலது கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"மந்திரி ஆபீஸ்லேர்ந்து மறுபடி ஃபோன்," என்றார். "மந்திரியோட மச்சினிக்கே பிடிக்கலையாம்."

"என்ன பிடிக்கலையாம்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். சொல்லத் தெரியலையாம்." ஒரு உறிஞ்சு உறிஞ்சிக்கொண்டார். "இங்க பாரும்மா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் ரூமுக்கு வா. என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சிருந்தா சொல்லு. இல்லேன்னா பழசைப் போட்டுட்டு எல்லாரும் நிம்மதியா இருப்போம்."

"ரெண்டு வருஷ உழைப்பு, வில்மார்."

"தெரியும். அதனாலதான் வெள்ளிக்கிழமை வரைக்கும்."

அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் கத்தவும் முடியாது, அதுதான் தொல்லை. இவோன் கத்தவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, நூற்றுப் பதினாறாவது புகாரைத் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள், ஐந்து வாரமாக எழுதிய ஆயிரத்து நானூறு பேரின் புகார்களையும் சேர்த்து, எண்ணற்ற வரைபடங்கள் போட்டாள். எழுத்து சிறியதாக இருப்பதால் கோபமா? எழுத்தைப் பற்றி எழுதியவர்கள் ஒன்பதே பேர். நிறமா? இருபது பேர், அதிலும் ஏழு பேருக்கு நிறம் பிடித்திருந்தது. வயதானவர்களா? பத்தொன்பது வயதுப் பையன்களும் திட்டியிருந்தார்கள். மெதுவாக இருக்கிறது என்று நானூறு பேர் சொன்னார்கள். ஆனால் கணக்குப்படி புது முகம் பழையதைவிட வேகம். எல்லாருக்கும் ஏதோ உறுத்துகிறது, எது உறுத்துகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உடம்பு பூராவும் என்று சொல்கிற நோயாளியை வைத்துக்கொண்டு என்ன மருந்து கொடுப்பது?

மாலை நாலு மணிக்கு சார்ஜர் இரவல் வாங்க லீபெரின் மேசைக்குப் போனாள். அவன் அங்கே இல்லை, வெந்நீர் பிடிக்கப் போயிருந்தான். அவன் திரை திறந்து கிடந்தது. அதன் அடியில் பட்டை. பட்டையில் முப்பது படங்கள்.

அவன் ஃப்ளாஸ்க்கோடு திரும்பி வந்தபோது அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இது என்னடா?"

"அது... அவசரமா ஒரு வேலை இருந்துச்சு. அதான் பழசுல—"

"எத்தனை நாளா?"

லீபெர் குடுக்கையில் வெந்நீர் ஊற்றினான். "முதல் நாள்லேர்ந்து," என்றான்.

"எழுதினவனே நீ."

"எழுதினவன்தான். உன்னோடது அழகு, இவோன். சத்தியமாச் சொல்றேன். ஆனா அதுல உக்காந்தா ஒரு பத்து நிமிஷத்துல எனக்கு ஒரு மாதிரி எரிச்சல் வருது. செருப்புக்குள்ள மணல் புகுந்த மாதிரி. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல."

ஊரே திட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது. அதை அவனுக்குக் காட்ட விருப்பமில்லாமல் கோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிக் கடலோரச் சாலை வரைக்கும் நடந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. சுவரில் வரிசையாக உட்கார்ந்து மாத்தே குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே நம்பினாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, மறுநாள் காலை துராஸ்னோவுக்கு முதல் பேருந்தில் சீட்டு எடுத்தாள். காரணம் தெரியாமல் முப்பத்தோரு கடிதம் எழுத ஒருத்தியால் முடியாது. அவளை நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

எலீதா மொரெய்ரா கால்நடை அலுவலகத்து எழுத்தர். ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு மாடு ஓட்ட வேண்டுமானால் அவர் அனுமதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். மாட்டின் தொடையில் சுட்ட குறியைப் பதிவேட்டில் தேடி, அதே குறிதானா என்று பார்த்து, படிவத்தில் நிரப்ப வேண்டும். திரையில் பதிவேடு ஒரு சன்னலில், படிவம் இன்னொரு சன்னலில். அறுபதை நெருங்கும் வயது, குட்டையான உருவம், கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. முன்னால் பெரட் தொப்பி போட்ட மாட்டுக்காரர்கள் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"கணினி மையத்துலேர்ந்து வர்றேன்," என்றாள் இவோன். "நீங்க வேலை செய்யுறதைக் கொஞ்சம் பாத்துட்டுப் போறேன்மா."

"ஓ, உயிரோடதான் இருக்கீங்களா நீங்கல்லாம்?" எலீதா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ அங்க என்ன வேலை?"

"நான்... புகார் படிக்கிறேன்."

ஐந்து வாரமாக அவள் வேறு ஒன்றும் செய்யவில்லை என்பதால் அது பொய் இல்லை.

"அப்ப பாவம் நீ. அந்த ஸ்டூலைப் போட்டு உக்காரு. தொந்தரவு பண்ணாத."

இவோன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். எலீதாவின் இடது அக்குளில் ஃப்ளாஸ்க், இடது கையில் சுரைக்குடுக்கை. வலது கையால் படிவத்தைத் திறந்தார். பெயர், ஊர், எத்தனை மாடு. இனி குறியைப் பார்க்கப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும், மவுஸை நகர்த்த வேண்டும். எலீதா முன்னால் நின்ற தொப்பிக்காரரிடம் குடுக்கையை நீட்டினார்.

"பிடிங்க."

அவர் வாங்கினார். கையில் கொடுத்த மாத்தேயை வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதன் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. சர்ரென்று அடிவரை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் எலீதா பதிவேட்டுக்குப் போய்விட்டார். குடுக்கையை வாங்கினார், வெந்நீர் ஊற்றினார், குறியைப் பார்த்தார், வாயருகே கொண்டுபோனார். படிவத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

"பிடிங்க."

மறுபடி சர்ரென்று காலி.

இவோன் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஒரு சீட்டுக்கு ஆறு முறை. மூன்றாவது ஆளின் சீட்டு முடிந்தபோது பதினெட்டு மாத்தே போய்விட்டது, எலீதாவுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. பத்தரை மணிக்கு ஃப்ளாஸ்க் காலி. அவர் எழுந்து வெந்நீர் போடப் பின்னறைக்குப் போனார். வரிசை நின்ற இடத்திலேயே நின்றது.

"முன்னெல்லாம் ஒரு ஃப்ளாஸ்க் மத்தியானம் வரைக்கும் வரும் அந்தம்மாவுக்கு," என்றார் முதல் தொப்பிக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம். "இப்ப மூணு மடங்கு நேரம் ஆகுது."

"ஆனா மாத்தே நல்லா இருக்குய்யா," என்றார் மற்றவர்.

எலீதா திரும்பி வந்ததும் இவோன் தாங்க முடியாமல் கேட்டாள். "ஏம்மா, முப்பத்தோரு கடிதம் எழுதினீங்களே. இதை ஒண்ணுலகூட எழுதலையே?"

"எந்த இதை?"

"கையில மாத்தே இருக்கிறதால ரெண்டு கையும் சேர்த்து வேலை செய்ய முடியலைன்னு."

எலீதா புருவத்தைச் சுருக்கினார். "அது மாத்தே சமாச்சாரம். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தைத்தானே உங்களுக்கு எழுதணும்? ராத்திரி எனக்கு முதுகு வலிக்குதுன்னுகூடத்தான் எழுதல."

"மேசை மேல வச்சுக்கிட்டா என்ன?"

"படிக்கத் தெரியும்ல உனக்கு?" எலீதா கணினிக்கு மேலே சுவரைக் காட்டினார்.

மஞ்சளாகிப் போன காகிதம். கணினி உள்ள மேசையின் மேல் மாத்தே வைப்பது கண்டிப்பாகத் தடைசெய்யப்படுகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. கணினி மையத்தின் முத்திரை. கீழே, நன்றாகத் தெரிகிற மாதிரி, வில்மார் பெர்தோமோவின் கையெழுத்து.

"மூணு கீபோர்டு நனைஞ்சு செத்துப்போச்சுன்னு அனுப்பினீங்க," என்றார் எலீதா. "சட்டம்னா சட்டம். வைக்கத்தான் கூடாது. பிடிச்சுக்கக் கூடாதுன்னு போடல. அப்படியே வச்சாலும் இது நிக்குமா? உருண்டைக் குடுக்கை. ம், இந்தா, நீயும் ஒண்ணு குடி. முகமே சரியில்ல உனக்கு."

"எனக்கு வயித்துக்கு ஆகாதும்மா. டாக்டர் நிறுத்திட்டாரு."

"எத்தனை நாளா?"

"ரெண்டரை வருஷமா."

"அடப் பாவமே," என்றார் எலீதா. காலையிலிருந்து அவர் சொன்னதில் அதுதான் கனிவான வார்த்தை.

இவோன் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில், காலியாகக் கிடந்தன. இரண்டரை வருடமாகக் காலி. அதில் இரண்டு வருடம் அவள் ஓர்னேரோவின் புது முகத்தை வரைந்துகொண்டிருந்தாள், இந்த நாட்டில் எல்லாருக்கும் இரண்டு கை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. அலுவலகத்தில், பேருந்தில், கடலோரச் சுவரில், தினமும் கண்ணெதிரே ஒற்றைக் கையோடு நடமாடிய அத்தனை பேரையும் பார்த்தும் பார்க்கவில்லை. சோதனை அறைக்குள் அந்தப் பன்னிரண்டு பேரும் குடுக்கையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டல்லவா வந்தார்கள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. கூடவே, ஐந்து வாரத்தில் முதல் முறையாக, சிரிப்பும் வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வில்மாரின் அறைக்கு லீபெரையும் கூட்டிக்கொண்டு போனாள். லீபெரிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்சம் பழிவாங்கவும் வேண்டியிருந்தது.

"காரணம் கிடைச்சுதா?" என்றார் வில்மார். எப்போதும் போல நின்றுகொண்டிருந்தார், அக்குளில் ஃப்ளாஸ்க், கையில் குடுக்கை.

"நீங்களே ஒருதடவை செஞ்சு பாருங்க. ஒரு கடிதத்தைத் திறங்க. அப்புறம் புகார்ப் பட்டியலுக்குப் போங்க. மறுபடி கடிதத்துக்கு வாங்க."

"இதென்ன பெரிய விஷயம்." மவுஸில் வலது கையை வைத்தார். விசைக்காக இடது கை நகர்ந்தது, நின்றது. மேசையைப் பார்த்தார். அங்கே வைக்கப் போனார்.

இவோன் துராஸ்னோவிலிருந்து நகலெடுத்து வந்த காகிதத்தை மேசை மேல் விரித்தாள். "அங்க வைக்கக் கூடாது. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வில்மார் அதைப் படித்தார். பிறகு, வேறு வழி தெரியாமல், குடுக்கையை இவோனிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பிடிம்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். "இங்க நான் இருக்கேன், வாங்கிக்கிட்டேன். நூலகத்துல யாரு வாங்குவா? பள்ளிக்கூடத்துல? துராஸ்னோவுல மாட்டுக்காரங்க வாங்கிக் குடிச்சே தீத்துடறாங்க."

லீபெர் குனிந்து தன் இடது கையைப் பார்த்தான். அதில் குடுக்கை இருந்தது. அதை ஏதோ திருடிவந்த பொருள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடச்சே," என்றான் மெதுவாக. "மணல் இதுதானா."

வில்மார் சுற்றறிக்கையைக் கையில் எடுத்தார். "இதை வாபஸ் வாங்கிட்டா?"

"அப்படிச் செஞ்சா மூணு மாசத்துல நாட்டுல உள்ள கீபோர்டெல்லாம் நீச்சலடிக்கும். கையை மாத்த முடியாது, வில்மார். திரையைத்தான் மாத்தணும். ரெண்டு வாரம் கொடுங்க."

"பத்து நாள். அதுல வரலேன்னா பழசு."

அந்தப் பத்து நாளும் இவோன் இடது கையில் ஒரு சுரைக்குடுக்கையோடுதான் வேலை செய்தாள். லீபெர் அதில் இலையும் தண்ணீரும் நிரப்பிக் கொடுப்பான். அவள் குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். "அதென்ன மைக்கா, குடிக்காமப் பிடிச்சுக்கிட்டே இருக்க?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கிண்டலடித்தார்கள். மணிக்கட்டு வலித்தது. ஆனால் ஒற்றைக் கையோடு உட்கார்ந்த முதல் நாளே, ஆயிரத்து நானூறு பேர் சொல்லத் தெரியாமல் தவித்தது என்னவென்று அவளுக்கு எழுத்து எழுத்தாகப் புரிந்தது.

அவளுக்கு உயிரான அந்த 'அழுத்திப் பிடிப்பதை' முதலில் வெட்டினாள். சாவோ பாவ்லோவில் கை தட்டியது அதற்குத்தான். சிறகு இருந்தது, வெறிச்சென்ற சுத்தமான திரை இருந்தது. ஆனால் இனி திரையின் இடது கீழ் மூலையை மவுஸால் ஒருமுறை தொட்டால் சிறகு விரியும், மறுபடி தொடுகிற வரை விரிந்தே இருக்கும். மூலையில் தொடுவது பழைய பழக்கம். கை தானாக அங்கேதான் போகும். போகிற கையைக் குழப்ப வேண்டாம் என்று, சிறகுக்குள் படங்களின் வரிசையையும் பழைய பட்டையில் இருந்தபடியே அடுக்கினாள். பத்தாம் நாள் மதியம் வில்மார் அதை ஒரு கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறு கையால் மாத்தேயை உறிஞ்சினார். போடலாம் என்று தலையாட்டினார்.

ஆகஸ்ட் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அது நாடு முழுவதும் போனது. அன்று முப்பது புகார்கள். செவ்வாயன்று பதினேழு. புதனன்று நான்கு, அதில் ஒன்று பிரிண்டரைப் பற்றி. இவோனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. திட்டு வாங்கிப் பழகியவளுக்கு மௌனம் ஒத்துக்கொள்ளவில்லை. புகார்ப் பெட்டி பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுத் தனக்குத் தானே ஒரு புகார் எழுதி அனுப்பினாள். அது ஒழுங்காக வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை காலை வானொலியில் வில்மாரின் குரல் கேட்டது. "மக்கள் சொன்னதைக் கேட்டோம்," என்றார் அவர். "பழைய திரையையே திருப்பிக் கொடுத்துட்டோம்."

அவள் கதவைத் தட்டாமலே அவர் அறைக்குள் போனாள்.

"அது பழசு இல்ல."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்." அவர் கொஞ்சம் சங்கடத்தோடு குழலைக் கடித்தார். "யோசிச்சுப் பாரும்மா. பழசு வந்துடுச்சுன்னு சொன்னா ஜனங்க அவங்கவங்க வேலையைப் பாப்பாங்க. புதுசைத் திருத்திட்டோம்னு சொன்னா, எங்க திருத்தினீங்கன்னு உத்துப் பாத்து நாளைக்கே இருநூறு கடிதம் போடுவாங்க. நீ செஞ்சது ஓடுது. பேருதானே போச்சு."

பேருதானே. பெயர் வாங்கவா இரண்டு வருடம் தூங்காமல் இருந்தேன் என்று கேட்க நினைத்தாள். ஆமாம், கொஞ்சம் அதற்காகவும்தான் என்று உள்ளே ஏதோ ஒன்று உண்மையைச் சொன்னதால், கேட்காமல் வந்துவிட்டாள்.

மேசையில் எலீதா மொரெய்ராவின் கடிதம் காத்திருந்தது. எண் முப்பத்தெட்டு.

"பழைய திரையைத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி. திங்கட்கிழமை திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டேன், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. அந்தப் புதியதைச் செய்த ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள், எல்லாருக்கும் வயிறு இருக்கிறது, வேறு ஏதாவது வேலை கொடுங்கள். இங்கே வந்து உட்கார்ந்து பார்த்தாளே ஒரு பெண், புகார் படிக்கிறவள், அவளுக்கு விவரம் இருக்கிறது. அவளை விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமையிலிருந்து என் மாத்தேயை நானே குடிக்கிறேன். இனி எழுத மாட்டேன்."

இவோன் பதில் அடிக்க ஆரம்பித்தாள். அம்மா, அது பழையது இல்லை, திரையின் அடியில் பாருங்கள், அங்கே பட்டையே கிடையாது, அந்த ஆள் நான்தான், அந்தப் பெண்ணும்— என்று வேகமாகப் பாதிப் பக்கம் போனது. அப்புறம் கடிதத்தை யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியாது என்று தோன்றி, எழுந்து லீபெரிடம் போனாள். அவன் வந்து படித்தான்.

"இது அநியாயம்," என்றான். உண்மையிலேயே கோபம் வந்திருந்தது அவனுக்கு. "பட்டை எங்க போச்சுன்னுகூடப் பாக்கலையா அவங்க? எழுது, இவோன். எல்லாத்தையும் எழுது. விடாத."

அவன் தன் மேசைக்குத் திரும்பி வேலையில் இறங்கினான். இவோன் அவன் பின்னால் நின்று பார்த்தாள். இடது கையில் குடுக்கை. வலது கை, அவன் கண் வேறு எங்கோ இருக்கும்போதே, மூலையைத் தொட்டது. சிறகு விரிந்தது. ஒரு படத்தைத் தொட்டான், அடுத்த சன்னலுக்குப் போனான், ஒரு உறிஞ்சு உறிஞ்சினான், திரும்பி வந்தான். திரை வெறிச்சென்று, சுத்தமாக, அவள் வரைந்தபடியே இருந்தது.

"பழசை எப்ப விட்ட?" என்று கேட்டாள்.

"எதை?" என்றான் லீபெர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. வேலையைப் பாரு."

அவள் தன் இடத்துக்கு வந்து, எழுதிய பாதிப் பக்கத்தையும் அழித்தாள். உங்கள் மாத்தே உங்களுக்கே கிடைப்பதில் சந்தோஷம் என்று ஒரே வரி எழுதிக் கீழே பெயரைப் போட்டு அனுப்பினாள். அன்று அதற்குப் பிறகு புகார்ப் பெட்டியை அவள் திறக்கவில்லை.